விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, வாசிகசாலையில் பதினொரு பழைய கணினிகள்: விற்பதா, வைத்திருப்பதா?

2025 ஒக்டோபர் 18 – ஒரு வாசகியின் கேள்வி

மல்லாவிப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். பதினொரு கணினிகள் இருக்கின்றன. நான்கு பெண்டியம் 4, பழைய குண்டுத் திரைகளோடு. நான்கு கோர் 2 டுவோ. இரண்டு சின்ன நெட்புக், ஆட்டம் என்று ஒட்டியிருக்கிறது. ஒன்று மட்டும் இரண்டாம் தலைமுறை ஐ3. 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். பழைய இரும்பு வாங்குபவர் மொத்தமாக விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பிழைக்கும் என்று ஒரு மாணவன் சொல்கிறான். பிரௌசரைத் திறந்தவுடன் படுத்துவிடும் என்று கடைத் தம்பி ஒருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

அதே நாள், இரவு

ரீச்சர், இருவர் சொல்வதும் பாதிதான் சரி. இரும்புக்காரருக்கு இப்போது ஒன்றையும் கொடுக்க வேண்டாம்.

விண்டோஸ் 11 இந்தப் பதினொன்றில் எதிலும் முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி, அதாவது 2017இல் வரத் தொடங்கியது, அதிலிருந்துதான் அது ஏற்கும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்றும் கேட்கும். விண்டோஸ் 10க்கு நீடித்த பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் வரை பெறலாம். அது ஓர் ஆண்டுத் தவணை, அவ்வளவுதான்.

நான் மாங்குளத்தில் கணினி திருத்தும் தொழில் செய்கிறேன். என் மேசைக்கு வரும் பழைய கணினிகளில் செயலி செத்துப்போனதைக் கண்டது மிக அரிது. பவர் சப்ளை போயிருக்கும், ஹார்ட் டிஸ்க் போயிருக்கும், தாய்ப்பலகையில் கப்பாசிட்டர் வீங்கியிருக்கும், அல்லது காற்றாடிக்குள் எங்கள் செம்புழுதி அப்பி அது சூட்டில் தானாக அணையும். இயங்குதளத்தை மாற்றுவது பற்றிப் பேசுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம் எழுதி அனுப்புங்கள்: செயலி பழைய 32 பிட் வகையா 64 பிட்டா, ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க் நலமா.

ஒக்டோபர் 19

எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸின் 32 பிட் லைவ் பதிப்பை, அதாவது நிறுவாமலே ஓடும் பதிப்பை, ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். அது எல்லாவற்றிலும் எழும்பும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்சிபியு’ கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் இட்டால், முதல் வரிகளிலேயே 32 மட்டுமா, 32உம் 64உமா என்று சொல்லிவிடும். கோர் 2 டுவோவும் ஐ3உம் 64 பிட் என்பது உறுதி. நெட்புக்கில் ஆட்டம் என்270 என்று இருந்தால் 32 மட்டுமே. பெண்டியம் 4இல் பெரும்பாலானவை 32. 2004இலிருந்து வந்த சிலவற்றில் 64 உண்டு, ஆகவே ஒன்று ஒன்றாகப் பாருங்கள்.

ஒக்டோபர் 23

பட்டியல் வந்தது. பெண்டியம் நான்கும் நெட்புக் இரண்டும் 32 பிட். மற்ற ஐந்தும் 64.

இந்தக் கோடுதான் இன்று முக்கியமானது. பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் ‘பழையதா, லினக்ஸ் போடு’ என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இப்போது அது போதாது, ஏனென்றால் லினக்ஸ் உலகமும் 32 பிட்டைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2017இலேயே டெஸ்க்டொப்புக்கான 32 பிட் நிறுவல் பிரதியை நிறுத்திவிட்டது. டெபியன் என்ற இன்னொரு வகை நீண்ட காலம் தாங்கிப் பிடித்தது. இந்த ஓகஸ்ட் 9ஆம் திகதி வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான கர்னலும் (இயங்குதளத்தின் கரு) இல்லை, நிறுவியும் இல்லை. லினக்ஸ் மின்டின் டெபியன் பதிப்பிலும் 6 வரை 32 பிட் இருந்தது, இம்மாதம் வந்த 7இல் இல்லை.

மிஞ்சியிருப்பது டெபியன் 12. அதற்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அதன்மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23 நெட்புக்குக்கு மிகப் பொருத்தம். ஐஸ் டபிள்யூஎம் என்ற மெல்லிய சாளர மேலாளரோடு வருகிறது. மேசை திரைக்கு வந்து நிற்கும்போது சில நூறு எம்பி ராமைத்தான் எடுத்திருக்கும்.

ஆனால் பிரௌசர்? கூகிள் குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஃபயர்பொக்ஸ் இம்மாத 144ஆம் பதிப்போடு விடுகிறது. அதன் நீண்ட ஆதரவுப் பதிப்பான 140க்கு மட்டும் 2026 செப்டெம்பர் வரை திருத்தம் தருவதாக மொசில்லா சொல்லியிருக்கிறது. ஆக, கடைத் தம்பி சொன்னதில் இருக்கும் உண்மை இதுதான்: இயங்குதளம் 2028 வரை உயிரோடிருக்கும், பிரௌசருக்கு அதற்கு முன்பே காலம் முடிந்துவிடும். பிள்ளைகள் கடவுச்சொல் தட்டுகிற கணினியில் திருத்தம் நின்றுபோன பிரௌசர் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒக்டோபர் 27

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: ‘ஓப்பன்பிஎஸ்டி இன்னும் 32 பிட்டுக்கு வருகிறதே, பப்பி லினக்ஸ் இருக்கிறதே, ஏன் அவற்றைச் சொல்லவில்லை?’

இரண்டும் நல்லவை. லினக்ஸ் அல்லாத இன்னொரு இலவச இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியின் ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் வாசிகசாலைக் கணினி பழுதானால் பக்கத்து வீட்டு உயர்தர மாணவன் கைவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அந்த அறிவு இங்கே லினக்ஸ் பக்கம்தான் பரவியிருக்கிறது. பப்பி முழுவதும் ராமில் ஏறி ஓடும், ஹார்ட் டிஸ்க் செத்த கணினிக்கு அதைவிட எளிய மருந்து இல்லை. ஆனால் வழக்கமாக அது நிர்வாகக் கணக்கிலேயே ஓடுகிறது. பலர் வந்து போகும் இடத்துக்கு அது வேண்டாம். பிரௌசர் சிக்கல் இரண்டிலும் அப்படியே நிற்கும்.

நவம்பர் 2

‘லினக்ஸ் போட்டேன், ஒரு தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பற்றது என்கிறது, புதிய நிரல் பொதிகளும் இறங்கவில்லை’ என்று ரீச்சர் நேற்று எழுதியிருந்தார். திரை மூலையில் திகதியைப் பார்க்கச் சொன்னேன். 2009 ஜனவரி 1.

தாய்ப்பலகையில் ஐம்பது சத நாணயம் போல ஒரு பற்றரி இருக்கும், சிஆர்2032. மூன்று வோல்ட். மின் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது இறந்தால் ஒவ்வொரு முறையும் கணினி பழைய காலத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. டெபியனின் பொதிப் பட்டியலும் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று மறுத்துவிடும். மீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். பதினொன்றுக்கும் புதியதாக வாங்குங்கள். கைக்கடிகாரம் திருத்தும் கடையிலும் கிடைக்கும்.

இந்த ஒரு பற்றரியால் ‘பழுது’ என்று ஒதுக்கப்பட்ட கணினிகளை வன்னி முழுவதும் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

நவம்பர் 9

கோர் 2 டுவோவுக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அசையும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி போடுவதா, ராம் கூட்டுவதா என்ற விவாதம் நீண்டுவிட்டது. வவுனியாவிலிருந்து ஓர் அண்ணை, இந்தக் கணினிகளில் டிஸ்க்கை மாட்டும் பழைய சாட்டா 2 துறையில் எஸ்எஸ்டி போடுவது காசுக்குக் கேடு, பாதி வேகம்தான் கிடைக்கும் என்கிறார். கோப்பைப் பிரதி எடுக்கும் வேகத்தில் அவர் சொல்வது உண்மை. ஆனால் கணினி எழும்பும்போதும் நிரல் திறக்கும்போதும் நடப்பது ஆயிரக்கணக்கான சிறு வாசிப்புகள். ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் ஊசி நகர்ந்து தட்டு சுற்றிவர சுமார் 10 மில்லிசெக்கன் போகிறது. எஸ்எஸ்டிக்கு 0.1 கூட ஆகாது. அந்த வித்தியாசம் சாட்டா 2இலும் அப்படியே கிடைக்கும்.

என் வரிசை: ராம் 2 ஜிபிக்குக் கீழே இருந்தால் முதலில் ராம். 2 ஜிபி ஆகிவிட்டால் எஸ்எஸ்டி. பிறகு காசு மிஞ்சினால் 4 ஜிபி. உங்கள் தாய்ப்பலகைகளில் ஜி31 சில்லு என்று எழுதியிருந்தீர்கள். அது 4 ஜிபிக்கு மேல் ஏற்காது, டிடிஆர்2 வகை ராம் மட்டும். ராம் சிறிதாக இருக்கும் கணினிகளில் இசட்ராம் வசதியையும் இயக்குங்கள். ராமின் ஒரு பகுதிக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் வழி அது, டெபியனில் ஒரு பொதியாகவே கிடைக்கிறது. ராம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப் என்ற மாற்றிடம் அரைத்துக்கொண்டு கணினி உறைந்துபோவதை அது பெருமளவு தவிர்க்கும்.

கோர் 2 டுவோவுக்கு எந்த லினக்ஸ் என்பதிலும் கவனம் வேண்டும். ரெட் ஹட் என்ற லினக்ஸின் 9ஆம் பதிப்பு முதலானவை 64 பிட்டிலும் புதிய கட்டளைத் தொகுதி கேட்கின்றன. கோர் 2 டுவோவில் அவை கிடையாது. டெபியன் 13 இன்னும் அடிப்படை 64 பிட்டையே கேட்கிறது. எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான மேசையோடு அதைப் போடுங்கள்.

நவம்பர் 15

கிளிநொச்சியிலிருந்து ஓர் இளைஞர் காட்டமாக எழுதியிருக்கிறார். ‘கொழும்புப் பிள்ளைக்குப் புதிய மடிக்கணினி, எங்கள் பிள்ளைக்கு எவரோ கழித்த பெட்டி. அதைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள்.’

இதை இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். அவருடைய கோபம் நியாயமானது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் வர அனுமதி இல்லை. சைக்கிளை நிறுத்தி, மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன், அதில்தான் வளர்ந்தேன். ஆனால் அது தேவையால் வந்த திறமை. இன்றைய பிள்ளையை அந்தத் தேவைக்குள் வைத்திருக்க எனக்கு விருப்பம் இல்லை.

ஆகவே பெண்டியம் நான்கைப் பற்றி இப்போது தெளிவாகச் சொல்கிறேன்: அவற்றை ஓட்ட வேண்டாம். ஆன்டிஎக்ஸ் ஏறும், ஓடும். அதனால் மட்டும் ஓட்ட வேண்டும் என்று இல்லை. பெண்டியம் 4உம் குண்டுத் திரையும் சேர்ந்தால் ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். மாலை ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கணினிக்கு நாளுக்கு ஒரு யூனிட் மின்சாரம். ஒரு பழைய கோர் 2 மடிக்கணினி அதே ஐந்து மணி நேரத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்குதான் எடுக்கும். நான்கு பெண்டியத்தின் மின் கட்டணத்தைச் சேர்த்தால், பாவித்த நல்ல மடிக்கணினி ஒன்றை வாங்கும் வழி வாசிகசாலைக்குத் தெரியும். நான்கையும் பிரித்து பெட்டி, காற்றாடி, டிவிடி, கேபிள் எல்லாவற்றையும் உதிரியாக வையுங்கள். பிள்ளைகள் கையால் பிரித்துப் பார்க்க ஒன்றை முழுதாக விடுங்கள். குண்டுத் திரையை மட்டும் ஒருவரும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே ஆளை வீழ்த்தும் மின்னழுத்தம் நிற்கும். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, வெளியில் உடைத்துப் போடவும் கூடாது.

வெளிநாட்டிலிருந்து கணினி அனுப்பும் உறவுகளுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: 64 பிட் இல்லாததை அனுப்பாதீர்கள். அதற்குக் கொடுக்கும் கப்பல் கூலியில் இங்கே ஓர் எஸ்எஸ்டி வாங்கலாம்.

டிசம்பர் 6

டித்வா புயல் மழைக்குப் பிறகு இன்றுதான் எழுத முடிகிறது. எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நனைந்த கணினி பற்றிப் பல கேள்விகள். ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று சுவிட்சைப் போடாதீர்கள். பலகையைக் கொல்வது பெரும்பாலும் அந்த நொடிதான். சிஆர்2032ஐயும் மடிக்கணினி என்றால் பற்றரியையும் உடனே கழற்றுங்கள். சேற்று நீர் புகுந்த பலகையைச் சுத்தமான நீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, நிழல் காற்றில் நன்றாகக் காயவிட வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் நீரில் கிடந்த பலகைகளை இப்படி மீட்டிருக்கிறோம். பவர் சப்ளை மூழ்கியிருந்தால் அதைக் கைவிடுங்கள். பிரிக்கவும் வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நேர்மின்னாகும்போது கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். ஹார்ட் டிஸ்க்கில் மூச்சுத் துளை ஒன்று உண்டு, அதனூடாக நீர் போயிருக்கலாம். முக்கியமான கோப்பு இருந்தால் மின் கொடுக்காமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

மின் வரும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடைப்பட்ட மின் திரும்பி வரும் முதல் நிமிடங்களில் அழுத்தம் ஏறி இறங்கும். கம்பி முடியும் ஊர்களில் இது கூடுதல். மின் போனவுடன் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டும் பழக்கம் யூபிஎஸ் இல்லாத இடத்தில் மிகப் பெரிய பாதுகாப்பு. யூபிஎஸ் இருந்தால் அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பற்றரியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பலரிடம் இருப்பது வெறும் பெட்டி.

பல்லி! பவர் சப்ளையின் இளஞ்சூட்டைத் தேடி உள்ளே போய்க் குறுக்கே விழுந்து தானும் சாகும், பலகையையும் கொல்லும். பெட்டியின் பின்புறத் திறப்புகளுக்குத் தகடு இல்லையென்றால் நுளம்பு வலைத் துண்டை ஒட்டுங்கள்.

டிசம்பர் 14

தமிழ் எழுதுவது எப்படி என்று ரீச்சர் கேட்டதற்கு நான் பதில் தரவில்லை. டெபியனில் நோட்டோ, லோகித் தமிழ் எழுத்துருக்கள் உண்டு. தட்டுவதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும் அதற்கான எம்17என் பொதியும் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்ற இரண்டு விசை முறையும் வரும். நெட்புக்கில் அந்தச் சுமையும் வேண்டாம் என்றால், விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்குரிய தமிழ்99ஐ நேரே தெரிவு செய்யலாம். தனி நிரல் ஓடாது. சூழலைப் பார்த்துத் தானே புள்ளி வைக்கும் வேலையை மட்டும் அது செய்யாது.

ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லிப்ரே ஒஃபிசில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிவதைப் பார்த்து ‘லினக்ஸில் தமிழ் வராது’ என்று பலர் திரும்பிப் போயிருக்கிறார்கள். பாமினி எழுத்துருக் கோப்பைப் பயனர் எழுத்துரு அடைவில் போட்டால் அப்படியே தெரியும். ஆனால் புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள். பழையதையும் மெல்ல மாற்றுங்கள். மாற்றும் நிரலை ஐசிரி (தகவல் தொழினுட்பம்) படிக்கும் ஓர் உயர்தர மாணவன் பைத்தானில் எழுதிவிடலாம். வரிசை மட்டும் முக்கியம்: நீண்ட எழுத்துச் சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் தனி எழுத்து.

2026 ஜனவரி 11

பிரௌசருக்குத் திருத்தம் நின்றதும் நெட்புக் இரண்டையும் இணையத்திலிருந்து கழற்றினால் அவற்றுக்கு வேலை என்ன என்று கேள்வி. நிறைய இருக்கிறது. கிவிக்ஸ் என்ற நிரலில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி இணையம் இல்லாமலே படிக்கலாம். ஐ3இல் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பைத்தான் உயர்தர ஐசிரி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, அதற்கு 1 ஜிபி ராம் தாராளம். பிரௌசர் இல்லாத கணினியில் பிள்ளை நிரல் எழுதும்போது கவனமும் சிதறுவதில்லை. இதைப் பல இடங்களில் கண்ணால் பார்த்த பிறகே சொல்கிறேன்.

நான்கு கோர் 2 டுவோவிலும் பாட வீடியோ திக்கினால் அதன் தரத்தை 480க்குக் கீழே வையுங்கள். யூடியூப் அனுப்பும் புதிய வீடியோ வகைகளை அந்தக் காலத்து வன்பொருளுக்கு விரிக்கத் தெரியாது, முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும். பழைய எச்264 வகையையே கேட்டு வாங்கும் பிரௌசர் நீட்சி உண்டு, அதைப் போடுங்கள். ஐ3இன் வன்பொருளுக்கும் புதிய வகைகள் தெரியாது, ஆனால் எச்264ஐ அது தானே விரிக்கும்.

பெப்ரவரி 8

ரீச்சர் எழுதியிருக்கிறார்: ஐந்து கணினியில் டெபியன் 13, நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ், பெண்டியம் நான்கும் பிரிக்கப்பட்டு அலமாரியில். திருத்தங்களைப் போடும் பொறுப்பை மூன்று மாணவர்கள் மாறி மாறி எடுத்திருக்கிறார்களாம். படித்து மிகவும் மகிழ்ந்தேன். வெளியூர்க் குழு ஒன்று ஒரே நாளில் நிறுவிவிட்டுப் போன ஆய்வுகூடங்கள் ஆறு மாதத்தில் பூட்டப்பட்டதைக் கண்டவன் நான். கடவுச்சொல் யாரிடம் என்றுகூட அங்கே ஒருவருக்கும் தெரியாது. உங்கள் நிர்வாகக் கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு வாசிகசாலைத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.

ராம் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டிடிஆர்2 பலவற்றில் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். உங்கள் ஜி31 பலகையில் அவை எழும்பா. இன்டெல் பலகைக்கும் பொருந்தும் 2 ஜிபி, 800 வேகம் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே திருப்பிக் கொடுங்கள்.